வீடு வாங்க வந்த நல்லவர்

அத்தியாயம் 3

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு டிலிஸ் பென்னாக் மூன்றாவது முறையாகக் கெட்டிலைப் போட்டாள். முதல் இரண்டு முறை கொதித்த தண்ணீரை யாரும் தொடவில்லை.

"உட்காருங்க டிலிஸ். டீ இல்லாமலே கேட்கறோம்," என்றாள் ஹாலோவே.

"டீ இல்லாம என்னால சொல்ல முடியாது."

மார்லன் டக்கெட் ஜன்னலோரம் நின்று கடலைப் பார்ப்பதுபோல் அறையைப் பார்த்தான். ஹாலோவேயிடம் வேலைக்குச் சேர்வதற்கு முன் அவன் வீட்டுத் தரகன். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. சமையலறையும் முன்னறையும் ஒரே அறையாக இருந்தன. நடுவில் ஒரு சுவர் இருந்திருக்கிறது. விதானத்தில் அதன் தழும்பு மட்டும் கோடாகத் தெரிந்தது.

"நல்ல வெளிச்சம். நான் வித்திருந்தா 'விசாலமான'ன்னு மூணு தடவை எழுதியிருப்பேன்," என்றான்.

"அந்தச் சுவர்தான் கண்ணு பிரச்சினை," என்றாள் டிலிஸ்.

அவள் பஸ் டிரைவர். ஹேஸ்டிங்ஸிலிருந்து கடலோரமாகப் போகும் பஸ்ஸை இருபது வருடம் ஓட்டியவள். ஹாலோவே வக்கீலாக இருந்த காலத்தில் அதே பஸ்ஸில் போய் வந்தவள். வீடு விற்கும் பத்திரங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்து வெளியே வந்து, இப்போது மனிதர்களைப் பார்த்துத் துப்பறியும் தொழிலில் இருந்தாள். நேற்று டிலிஸ் அவளை பஸ் நிறுத்தத்தில் பிடித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். டிலிஸின் வீடு செயின்ட் லெனார்ட்ஸில் கடலைப் பார்த்த ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடி. வீடு என்று சொன்னாலும் அவளுக்குச் சொந்தம் வீடல்ல, நீண்ட காலக் குத்தகை; அதை விற்கலாம், ஆனால் சுவரில் கைவைக்க நிலக்காரரின் அனுமதி வேண்டும். நிலம் லூயிஸ் என்ற ஊரில் இருக்கும் மிசஸ் வேனுடையது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள அந்த அம்மாள் வைத்திருக்கும் ஏஜென்ட் சாண்டம். டிலிஸ் வீட்டை விற்கிறாள். வெள்ளிக்கிழமை பகலுக்குள் இரண்டு தரப்பு வக்கீல்களும் ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அதுவரை யார் வேண்டுமானாலும் விலகலாம், யாரையும் எதுவும் கேட்க முடியாது. நேற்றுக் காலை சாண்டமிடமிருந்து கடிதம் வந்தது. அனுமதியில்லாமல் சுவரை எடுத்திருப்பதாக அறிகிறோம். அதற்கு இப்போது அனுமதி வாங்க ஏழாயிரத்து நானூறு பவுண்டு.

"ஒரு சுவருக்கா? இல்லாத சுவருக்கு?" என்றான் மார்லன்.

"அவங்க இன்ஜினியர் வந்து பார்க்கறதுக்கு, அவங்க வக்கீல் எழுதறதுக்கு, அப்புறம் அவங்க பட்ட சிரமத்துக்கு. அந்த வக்கீல் என்னைத் திட்டி ஒரு கடுதாசி போட்டாலும் அதுக்கும் நான்தான் கொடுக்கணும்."

"சுவரை எடுத்தது யாரு?" என்றாள் ஹாலோவே.

"என் பழைய புருஷன். ஒரு ஈஸ்டர் லீவுல சுத்தியலோட ஆரம்பிச்சான். பதினஞ்சு வருஷம் ஆச்சு. அந்த ஆள் எடுத்ததுலயே உருப்படியானது அது ஒண்ணுதான்."

"உங்க வக்கீல் என்ன சொல்லியிருந்தார்?"

"நூத்தம்பது பவுண்டுக்கு ஒரு இன்சூரன்ஸ் போட்டுடலாம்னார். பின்னாடி நிலக்காரம்மா சண்டைக்கு வந்தா, வாங்கறவருக்கு இன்சூரன்ஸ்காரன் கொடுப்பான். ஒரே ஒரு கண்டிஷன். அவங்க காதுல விஷயம் விழுந்திருக்கக் கூடாது. மூச்சு விடாதீங்கன்னு நாலு தடவை சொன்னார்."

ஹாலோவே தலையசைத்தாள். பாதி இங்கிலாந்து இப்படித்தான் கைமாறுகிறது. எல்லாருக்கும் தெரியும், நிலக்காரருக்கு மட்டும் தெரியாது. தெரிந்துவிட்டால் நூற்றைம்பது பவுண்டு வழி அடைபட்டுவிடும்.

"அந்தக் காசு உங்ககிட்ட இல்ல," என்றாள்.

"இருக்கு. நாய்ங்களுக்கு."

டிலிஸும் அவளுடைய தோழி ஒருத்தியும் நார்ஃபோக்கில் நாய்கள் தங்கும் விடுதி ஒன்றை வாங்குகிறார்கள். ஊருக்குப் போகிறவர்கள் நாயை விட்டுவிட்டுப் போகும் இடம். பதினாறு கூண்டு, ஒரு வயல், பின்னால் சின்ன வீடு. விற்பவர் வெள்ளிக்கிழமை வரை பொறுத்திருக்கிறார். அதற்குமேல் இன்னொரு ஆள் காத்திருக்கிறான். டிலிஸின் கையில் குறையும் ஒவ்வொரு பவுண்டுக்கும் வங்கி முகம் சுளிக்கும். ஏழாயிரம் குறைந்தால் கடனே கிடையாது என்று நேற்று மாலை எழுத்தில் சொல்லிவிட்டார்கள்.

"பஸ் வேலையை விட்டுட்டேன். போன வாரம் கேக்கெல்லாம் வெட்டியாச்சு," என்றாள் டிலிஸ். "யார் சொன்னாங்கன்னு மட்டும் எனக்குத் தெரியணும்."

"உள்ளே வந்து பார்த்தவங்க யார் யார்?"

"தரகர் ஒரு பையனை அனுப்பி போட்டோ எடுத்தார்."

மார்லன் போனில் அந்த விளம்பரத்தைத் தேடியெடுத்தான். படங்கள் எல்லாம் மூலையிலிருந்து எடுக்கப்பட்டிருந்தன. ஒன்றில் அடுப்பு, ஒன்றில் சோபா. இரண்டும் ஒரே அறை என்று ஒருவருக்கும் தோன்றாது. வீட்டின் வரைபடமே போடவில்லை.

"கெட்டிக்காரன்," என்றான் மரியாதையுடன். "தரகர் சொல்லியிருக்க மாட்டார் பாஸ். விற்பனை நின்னா அவருக்குக் கமிஷன் போச்சு. கமிஷனைக் காட்டிக்கொடுக்கற தரகர் இன்னும் பிறக்கல."

"அப்புறம்?"

"வாங்க வந்தவர் ஒருத்தர்தான். ஜூலியன் டாரன்ட். வந்த அன்னைக்கே கேட்ட விலைக்குச் சரின்னுட்டார்," என்றாள் டிலிஸ். அந்தப் பெயரைச் சொன்னபோதுதான் அவள் முகம் முதல் தடவையாக இளகியது. "ரொம்ப நல்ல மனுஷன். சாண்டம் ஆபீஸ்ல கட்டடத்தைப் பத்தின தகவல் கட்டு ஒண்ணு விப்பாங்க இல்ல, கணக்கு, இன்சூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் போட்டு? நானூத்தி எண்பது பவுண்டு. விக்கறவங்கதான் வாங்கித் தரணும். அது வேண்டாம், உங்களுக்கு எதுக்கு வீண் செலவுன்னு அவர் வக்கீல்கிட்டச் சொல்லிட்டார். போன வியாழக்கிழமை திரை அளவெடுக்க வந்தவர், போகும்போது என் குப்பைப் பையைக்கூட எடுத்துட்டுப் போனார். நாலு மாடி. இந்தக் காலத்துல யார் செய்வா?"

"எங்கப்பாகூடச் செய்யமாட்டார்," என்றான் மார்லன்.

"இன்னைக்கு நாலு மணிக்கு வர்றார். கடுதாசி விஷயத்தைச் சொன்னேன். பயப்படாதீங்க, ஏதாவது வழி பண்ணலாம்னார்."

"உங்களுக்கு யார்மேல சந்தேகம்?" என்றாள் ஹாலோவே.

டிலிஸ் கால்விரலால் தரையைச் சுட்டினாள்.

*

கீழ்வீட்டு ஆக்டன் கதவைச் சங்கிலி அளவுக்குத்தான் திறந்தார். எண்பது வயதிருக்கும். வீட்டுக்குள்ளேயே டை கட்டியிருந்தார்.

"மேல்வீட்டு அம்மா அனுப்பினாங்களா? பதினஞ்சு வருஷமா தலைமேல நடக்கறா. பஸ் ஓட்டறவளுக்கு நடக்கறதுக்கு அவ்வளவு என்ன இருக்கு?"

"வீடு விக்கறாங்க, தெரியுமா?"

"நல்லது. போகட்டும்."

"அவங்க சுவர் விஷயத்தை யாரோ சாண்டம்கிட்டச் சொல்லியிருக்காங்க."

ஆக்டனின் முகம் வெள்ளைக் கதவின் நிறத்துக்கு வந்தது. "எந்தச் சுவர்?"

ஹாலோவே பேச்சை அதோடு விட்டாள். "மிஸ்டர் ஆக்டன், தப்பா நினைக்காதீங்க. உங்க பாத்ரூமைக் கொஞ்சம் பயன்படுத்திக்கலாமா?"

இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு மாட்டேன் என்று சொன்னவர்கள் இல்லை. ஆக்டனின் கை சங்கிலியின்மேல் சிறிது நேரம் தங்கியது. பிறகு கழற்றியது.

நடையில் கட்டிய குப்பைப் பைகள் மூன்று சுவரோரம் உட்கார்ந்திருந்தன. மீன் வாடை அடித்தது. மார்லன் அவற்றைத் தாண்டி ஹாலோவேயின் பின்னால் போனான். பாத்ரூம் இடப்பக்கம் இருந்தது. ஹாலோவே வலப்பக்கம் திரும்பினாள்.

சமையலறையும் முன்னறையும் ஒரே அறையாக இருந்தன.

ஆக்டன் டையைச் சரிசெய்துகொண்டார்.

"எப்போ?" என்றாள் ஹாலோவே.

"என் மனைவி இருந்தப்போ. அவளுக்குச் சமைக்கும்போது கடல் தெரியணும்."

"அனுமதி?"

"அவளோட அனுமதி இருந்தது."

"உங்களுக்குக் கீழ்வீட்ல?"

"அங்கயும் இல்ல. அதுக்குக் கீழயும் இல்ல. தரைத்தளத்துல நின்னுட்டிருந்தது, அதையும் போன வருஷம் எடுத்துட்டாங்க."

மார்லன் விதானத்தை அண்ணாந்து பார்த்தான். "அப்போ இந்தக் கட்டடத்தைத் தாங்கறது எது?"

"பழக்கம்," என்றார் ஆக்டன்.

ஹாலோவே சிரிக்கவில்லை. "டிலிஸைப் பத்தி நீங்க புகார் கொடுத்திருந்தா?"

"இன்ஜினியர் வருவான். மேல பார்த்துட்டு, கீழயும் பார்க்கணும்பான். எல்லார் தலையிலயும் விழும்." அவர் குரல் தாழ்ந்தது. "அந்தம்மாவை எனக்குப் பிடிக்காது. அது வேற. இந்தக் கட்டடத்துல அந்தச் சுவரைப் பத்தி யாரும் வாய் திறக்கமாட்டாங்க."

வெளியே வரும்போது மார்லன் பைகளைக் காட்டினான். "இதெல்லாம் யாருக்குச் சேர்த்து வைக்கறீங்க சார்?"

"கிண்டலா? குப்பை அறை கேட் பூட்டோட நம்பரை ஒண்ணாம் தேதி மாத்திட்டான் சாண்டம். புது நம்பரை ஈமெயில்ல அனுப்பினானாம். எனக்கு ஈமெயிலும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. வாசல்ல வச்சா கடற்காக்கா அஞ்சு நிமிஷத்துல கிழிச்சுத் தெருவெல்லாம் இறைச்சிடும். அதுக்கு அபராதம் வேற."

"மேல்வீட்ல கேட்கலாமே."

ஆக்டன் அவனைப் பார்த்த பார்வையில், கேட்பதைவிட மீன் வாடையோடு படுப்பது மேல் என்றிருந்தது.

*

குப்பை அறை கட்டடத்தின் பின்னால், ஆள் உயரத்துக்கும் மேலான மதிலுக்குள் இருந்தது. இரும்புக் கேட்டில் எண் பலகை. மதில்மேல் ஒரு கடற்காக்கை உட்கார்ந்து அவர்கள் கையில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தது.

மார்லன் 1066 என்று அழுத்தினான். கேட் அசையவில்லை.

"ஹேஸ்டிங்ஸ் சண்டை நடந்த வருஷம். இந்த ஊர்ல பாதிப் பூட்டு அதுலதான் திறக்கும்," என்றான். "முன்னேறிட்டாங்க போல."

"மேல போய் டிலிஸ்கிட்ட ரெண்டு விஷயம் கேளு. கேட் நம்பர் என்ன. அதை அவங்க டாரன்ட்கிட்டச் சொன்னாங்களா."

"நாலு மாடி பாஸ்."

"நாலு மாடி ஏறி இறங்கிக் குப்பை எடுக்கறவங்களே இருக்காங்க."

அவன் போய் மூச்சிரைக்க வந்தான். எண் கிடைத்தது. டிலிஸ் டாரன்ட்டிடம் எண்ணைச் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் அவன் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று படியிறங்கிவிட்டான். அன்றைக்கு வாசலில் பை எதுவும் கிடக்கவில்லை. கிடந்திருந்தால் மறுநாள் அவள் பெயருக்கு அபராதம் வந்திருக்கும்.

ஹாலோவே எண்ணை அழுத்திக் கேட்டைத் திறந்தாள், கையை எடுத்தாள். கேட் ஸ்பிரிங்கில் ஓடிப்போய் அறைந்து மூடிக்கொண்டது. காக்கை எழுந்து மறுபடி உட்கார்ந்தது.

"திறந்து கிடந்திருக்க வாய்ப்பில்ல," என்றாள்.

"யாராவது உள்ளே போகும்போது கூடவே நுழைஞ்சிருக்கலாம்."

"இருக்கலாம்."

"இருக்கலாம்னு நீங்க சொன்னா இல்லைன்னு அர்த்தம்."

"குப்பையை விடு. நீ தரகனா இருந்தப்போ, குத்தகை வீடு வாங்கறவன் எவனாவது அந்தத் தகவல் கட்டு வேண்டாம்னு சொல்லியிருக்கானா?"

மார்லன் யோசித்தான். வாங்குபவர்கள் அந்தக் கட்டுக்காக வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். வரவில்லை என்று அழுவார்கள், தரகனைத் திட்டுவார்கள். கூரை எப்போது மாற்றப்போகிறார்கள், அதற்கு யார் தலையில் எத்தனை ஆயிரம் என்பது அதில்தான் இருக்கும். அது இல்லாமல் எந்த வக்கீலும் கையெழுத்துப் போடவிடமாட்டார்.

"இல்ல," என்றான். "அது இல்லாம வாங்கறவன் ஒண்ணு முட்டாள்."

"இல்லேன்னா?"

அவன் கேட்டைப் பார்த்தான். கட்டடத்தைப் பார்த்தான். "அதுல என்ன இருக்குன்னு ஏற்கெனவே தெரிஞ்சவன்."

"தெரிஞ்சவன். கேட் நம்பரும் தெரிஞ்சவன். கட்டு தயாரிக்கறது சாண்டம் ஆபீஸ். நம்பரை மாத்தினதும் சாண்டம் ஆபீஸ்." ஹாலோவே கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தாள். "அந்த ஆபீஸ்லயே புழங்கறவனுக்கு அதெல்லாம் ஒரு விஷயமாவே படாது. ஒரு செலவு மிச்சம் பண்ணிக் கொடுத்தோம், ஒரு பை எடுத்துப் போட்டோம்னுதான் நினைச்சிருப்பான்."

"அப்போ நல்லவனா இருந்ததுதான் அவன் பண்ணின தப்பு."

"இதுவரைக்கும் நம்ம ஊகம். நாலு மணி வரைக்கும் ஊகம்தான்."

"அவன்கிட்ட நேரா கேட்டுடலாமா?"

"கேட்கறது எதுக்கு? நாம அவனுக்கு ஒரு நல்லது பண்ணுவோம்," என்றாள் ஹாலோவே. "எப்படி வாங்கிக்கறான்னு பார்ப்போம்."

*

டாரன்ட் சரியாக நான்கு மணிக்கு வந்தான். நாற்பத்தைந்து வயது, நல்ல கோட்டு, நிதானமான புன்னகை. கையில் நாய் பிஸ்கட் பொட்டலம் ஒன்று இருந்தது.

"உங்க முதல் விருந்தாளிக்கு," என்று டிலிஸிடம் கொடுத்தான்.

டிலிஸ் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவளிடம் ஹாலோவே ஒன்றும் விளக்கவில்லை. நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தாள். மார்லன் சோபாவின் ஓரத்தில் டிலிஸின் அக்காள் மகன்போல உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தான்.

"இவங்க என் சிநேகிதி," என்றாள் டிலிஸ்.

"சந்தோஷம்," என்றான் டாரன்ட். "டிலிஸ், நான் ராத்திரியெல்லாம் யோசிச்சேன். நீங்க வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சாகணும். அந்த அனுமதியெல்லாம் வாங்க ஆரம்பிச்சா இழுத்துட்டே போகும். நீங்க விலையில ஒரு பதினோராயிரம் குறைச்சுக்குங்க. சுவர் தலைவலி என்னோடது. நீங்க நிம்மதியாப் போங்க."

"பதினோராயிரமா?" என்றாள் டிலிஸ்.

"செலவு ஏழாயிரத்து நானூறோட நிக்காது. எனக்கு அனுபவம் உண்டு."

"நாங்களும் அதைத்தான் பேசிட்டிருந்தோம்," என்றாள் ஹாலோவே கனிவாக. "அந்தக் கஷ்டம் உங்களுக்கு எதுக்கு? டிலிஸுக்கு நான் கைமாத்துத் தர்றேன். அனுமதிப் பணத்தை நாளைக்கே கட்டிடறோம். இன்ஜினியரை வியாழக்கிழமை வரச்சொல்லலாம். எவ்வளவு கூட ஆனாலும் எங்க பொறுப்பு. உங்களுக்கு ஒரு பென்னி செலவில்லாம, முத்திரையோட சுத்தமான வீடு. விலை பேசினபடியே."

டிலிஸ் தலையாட்டினாள்.

மார்லன் கேக்கை மெல்வதை நிறுத்தினான். தரகனாக இருந்தபோது இந்த வார்த்தைகளுக்கு வாங்குபவர்கள் அழுததைப் பார்த்திருக்கிறான். ஒருத்தி அவனைக் கட்டிப்பிடித்திருக்கிறாள்.

"வேண்டாம்," என்றான் டாரன்ட்.

உடனே வந்துவிட்டது. அவனுக்கே அது கேட்டிருக்கும். புன்னகையை மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டான். "அதாவது, அவ்வளவு பணத்தைக் கொண்டுபோய் ஏன் அவங்ககிட்டக் கொட்டணும்?"

"உங்க பணம் இல்லையே."

"தாமதமாகும். இன்ஜினியர், வக்கீல்…"

"பணம் கட்டின ரசீதைக் காட்டினா உங்க வக்கீல் வெள்ளிக்கிழமையே ஒத்துக்குவார். அப்படித்தான் செய்வாங்க. நான் முப்பது வருஷம் அந்த வேலை பார்த்தவ."

டாரன்ட் முதல் தடவையாக அவளை ஒழுங்காகப் பார்த்தான்.

"அனுமதி இல்லாத வீடு பரவாயில்ல, அனுமதியோட கொடுத்தா வேண்டாங்கறீங்க," என்றாள் ஹாலோவே. "இந்தச் செலவு யார் வாங்கினாலும் அவங்க தலைமேல நிக்கும். ஒரே ஒருத்தருக்குத்தான் நிக்காது. அதை விதிக்கிற ஆளுக்கு. சாண்டம் உங்களுக்கு என்ன வேணும் மிஸ்டர் டாரன்ட்?"

கடல்பக்கம் ஜன்னல் லேசாக அதிர்ந்தது. டாரன்ட் கோப்பையை வைத்தான். கோபப்படுவான் என்று மார்லன் நினைத்தான். அவன் கோபப்படவில்லை.

"என் மனைவியோட அண்ணன்," என்றான். "ஏன், சொந்தக்காரங்க வீடு வாங்கக் கூடாதா?"

டிலிஸின் மடியிலிருந்து பிஸ்கட் பொட்டலம் நழுவியது. அவள் எடுக்கவில்லை. "நீங்கதான் சொன்னீங்களா? என் வீட்டுல டீ குடிச்சிட்டுப் போய்?"

"டிலிஸ், இதுல மனசு கஷ்டப்பட ஒண்ணும் இல்ல. வியாபாரம்." அவன் கோட்டுப் பொத்தானைப் போட்டான். "சரி, நான் விலகிக்கறேன். எழுதிக் கொடுத்தது ஒண்ணும் இல்ல, நீங்க யார்கிட்டயும் போய் எதுவும் கேட்க முடியாது. வேற ஆளைத் தேடுங்க. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. விஷயம் நிலக்காரங்க தரப்புக்குத் தெரிஞ்சாச்சு. இனிமே எவன் வந்தாலும் உங்களுக்கு இன்சூரன்ஸ் கிடையாது. இதே ஏழாயிரம். இல்லேன்னா இதே பதினோராயிரம். நாய்ங்க அதுவரைக்கும் காத்திருக்குமா?"

மார்லன் ஹாலோவேயைப் பார்த்தான். அவள் கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருடனைப் பிடித்தாயிற்று. பறிபோனது திரும்பி வரவில்லை. யார் சொன்னார்கள் என்று தெரிந்துகொண்டதால் டிலிஸுக்கு ஒரு பவுண்டும் மிஞ்சப்போவதில்லை. இதைக் காலையிலேயே யோசித்திருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

டாரன்ட் எழுந்தான்.

"நிலக்காரங்க தரப்புன்னீங்க," என்றாள் ஹாலோவே, கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல். "தரப்புன்னா யாரு?"

"ஏஜென்ட்டுக்குத் தெரிஞ்சா அவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி."

"மாதிரி." அவள் நிமிர்ந்தாள். "மிசஸ் வேனுக்கு உங்க மச்சான் சொன்னாரா? என் கட்டடத்துல ஒரு வீடு விலைக்கு வருதா, யார் வாங்கறாங்கன்னு அந்தம்மா கேட்டிருப்பாங்களே. அவர் என்ன பதில் சொல்லியிருப்பார்? அவங்க சம்பளத்துல உட்கார்ந்துகிட்டு, அவங்க பேர்ல ஒரு செலவை விதிச்சு, அதைக் காட்டி வீட்டைச் சல்லிசா தங்கச்சி வீட்டுக்கு வாங்கறேன்னா?"

டாரன்ட் நின்ற இடத்திலேயே நின்றான். அவன் கை கோட்டுப் பொத்தானில் இருந்தது. அது போட்ட பொத்தான்தான். மறுபடி போடப் பார்த்தது.

"சொல்லியிருப்பார்," என்றான்.

"இருக்கலாம்," என்றாள் ஹாலோவே.

டிலிஸ் எழுந்து அலமாரியிலிருந்து போனை எடுத்து வந்தாள். "லூயிஸ் நம்பர் எனக்கு மனப்பாடம். போன வருஷம் கூரை ஒழுகினப்போ மாசம் முழுக்க அந்தம்மாவோடதான் பேசிட்டிருந்தேன். காது மந்தம். ஆனா சாண்டம் பேரைச் சொன்னா நல்லாக் கேட்கும்."

மார்லன் கேக் தட்டைக் கீழே வைத்தான். டிலிஸ் எதன்மேல் விரல் வைத்திருக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. அந்த அம்மாளுக்கு விஷயம் தெரிந்திருந்தால் இந்த மிரட்டல் வெறும் காற்று. தெரியாமல் இருந்தால், டிலிஸ் தன் வாயாலேயே சொல்லிவிடுவாள். அப்போது சாண்டமின் வேலை போகும். இன்சூரன்ஸும் போகும், பதினாறு கூண்டும் போகும். எது என்று அந்த அறையில் டாரன்ட் ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஹாலோவே தடுப்பாள் என்று மார்லன் காத்திருந்தான். அவள் தடுக்கவில்லை.

டிலிஸ் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். கடைசி எண்ணுக்கு முன்னால் நிறுத்தினாள். இருபது வருடம் பஸ்ஸில் சில்லறை இல்லாமல் ஏறியவர்களிடம் பேசிய குரலில், கொஞ்சமும் உயர்த்தாமல் கேட்டாள்.

"பேசின விலைக்கு, வெள்ளிக்கிழமை நீங்க வாங்கறீங்க, உங்க மச்சான் அந்தக் கடுதாசியைத் திரும்ப வாங்கிக்கறார். இல்லேன்னா இன்னும் ஒரு நம்பர் பாக்கி இருக்கு. எதுங்க மிஸ்டர் டாரன்ட்?"